பாறை ஏன் மேலே ஏறுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை அசைவைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வி1 என்பது பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணியின் முதல் பகுதி. புறணி என்றால் மூளையின் வெளி அடுக்கு. கண்ணிலிருந்து கிளம்பும் செய்தி புறணியில் முதலில் வந்து இறங்கும் இடம். எம்டி என்பது அதற்குச் சற்று முன்னால், காதுக்குப் பின்புறம் கொஞ்சம் மேலே இருக்கும் சின்னப் பகுதி. மனிதர்களில் அதையே வி5 என்றும் சொல்வார்கள். தூரங்களை டிகிரியில் சொல்லியிருக்கிறோம். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. பௌர்ணமி நிலா அரை டிகிரி.

கேள்வி: குற்றாலத்தில் அருவியை ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால், பாறை மெதுவாக மேலே ஏறுகிறது. இது கண் கோளாறா?
— வாசகர், தென்காசி

கோளாறு இல்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். ஓடும் நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிற்கிற பொருளும் ஓடுவதுபோல் தெரிகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் நீங்கள் பார்த்த அதே காட்சியைப் பார்த்து எழுதினார். கண் தசைகள்தான் காரணம் என்று அவர் நினைத்தார். அது தவறு.

காரணம் நரம்புச் செல்களில், அதாவது நியூரான்களில் இருக்கிறது. ஒரு நியூரான் அனுப்பும் குட்டி மின்செய்தியைத்தான் துடிப்பு என்கிறோம். கீழ்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் நியூரான்களும் மேல்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் நியூரான்களும் தனித்தனி. எதுவுமே அசையாதபோதும் இரண்டும் சும்மா இருப்பதில்லை. மெல்லத் துடித்துக்கொண்டேதான் இருக்கும். பேச்சுக்கு, ஆளுக்கு விநாடிக்கு 10 துடிப்பு என்று வைப்போம். 10க்கு 10 சரியாகப் போய்விடுவதால் "அசைவு இல்லை" என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஒரு நிமிடம் அருவியைப் பார்த்ததில் கீழ்நோக்கும் செல்கள் களைத்துவிட்டன. பாறையைப் பார்க்கும்போது அவை 6தான் தருகின்றன, மேல்நோக்கும் செல்கள் வழக்கம்போல் 10. தராசு மேல்பக்கம் சாய்கிறது, பாறை ஏறுகிறது. முயலின் விழித்திரைச் செல்களில் இப்படித் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்குவதை பார்லோவும் ஹில்லும் 1963இல் நேரடியாக அளந்து காட்டினார்கள்.

நம்மில் களைப்பது விழித்திரையா, மூளையா? வீட்டிலேயே சோதிக்கலாம். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் அருவியையோ மொபைலில் ஓடும் அருவி வீடியோவையோ 60 விநாடி பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்து பாறையைப் பாருங்கள். கொஞ்சம் வலு குறைவாக இருந்தாலும் பாறை ஏறும். இடது விழித்திரை அருவியைப் பார்க்கவே இல்லை. ஆகவே களைத்த செல்கள் இரண்டு கண்ணின் செய்தியும் சேர்கிற இடத்தில் இருக்க வேண்டும். அப்படி அவை முதலில் சேரும் இடம் வி1.

சிலருக்கு இது வேலை செய்யாமல் போகும். பெரும்பாலும் காரணம் இதுதான்: நீரோடு சேர்ந்து கண்ணும் கீழே இறங்குகிறது. கண் துரத்தினால் விழித்திரையில் பிம்பம் நகராது, செல்லும் களைக்காது. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையில் பார்வையை ஊன்றிக்கொள்ளுங்கள். வீடியோ என்றால் திரையின் நடுவில் சின்னதாகப் பொட்டு ஒட்டிக்கொள்ளலாம். பத்து விநாடி போதாது. அதன்பிறகு பார்ப்பது வெள்ளைச் சுவராக இருந்தாலும் பலன் குறைவு. சொரசொரப்பான பாறை, மொசைக் தரை போன்றவை நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. பாறை ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எங்கேயும் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. "எங்கே இருக்கிறது" என்பதும் "எந்தப் பக்கம் போகிறது" என்பதும் மூளைக்கு ஒரே கணக்கு இல்லை. இரண்டும் தனித்தனியாக அளக்கப்படுகின்றன. கீழே உள்ள பல பதில்களும் இங்கேதான் வந்து நிற்கும்.

கேள்வி: ஒரு நியூரானுக்குக் கண்ணும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. கோடு இடமிருந்து வலம் போகிறதா, வலமிருந்து இடம் வருகிறதா என்று அதற்கு எப்படித் தெரிகிறது?
— பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

நல்ல கேள்வி. கடிகாரம் உண்டு, அது ஒரு தாமதத்தின் வடிவில் இருக்கிறது.

முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறோம். 1958இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும், மயக்கத்தில் இருந்த பூனையின் பார்வைப் புறணியில் டங்ஸ்டன் மின்முனையை இறக்கி, ஒரு நியூரானின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடைக் கருவியில் செருகி, புள்ளியைப் பூனையின் கண்ணுக்குக் காட்டினார்கள். மணிக்கணக்கில் காட்டியும் செல் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறை ஸ்லைடைச் செருகும்போது மட்டும் ஒலிபெருக்கி சோளப்பொரி வெடிப்பதுபோல் படபடவென்று ஒலித்தது. செல்லை எழுப்பியது புள்ளி அல்ல. கண்ணாடியின் விளிம்பு நகர்ந்தபோது விழுந்த மெல்லிய நிழல்கோடு. அந்தக் கோடும் குறிப்பிட்ட சாய்வில் இருந்தால்தான் பதில் வந்தது. இப்படிப்பட்ட செல்களில் பல ஒரு திசைக்குப் படபடக்கும், எதிர்த்திசைக்கு ஏறக்குறைய மௌனம். இந்த வழியில் தொடர்ந்த வேலைக்குத்தான் இருவரும் 1981 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இனி தாமதக் கணக்கு. விழித்திரையில் அ, ஆ என்று இரண்டு புள்ளிகள். இடைவெளி அரை டிகிரி. இரண்டிலிருந்தும் ஒரே நியூரானுக்குச் செய்தி போகிறது. ஆ-வின் செய்தி நேராகப் போகும், அ-வின் செய்தி 50 மில்லி விநாடி தாமதித்துப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 டிகிரி வேகத்தில் ஒரு கோடு அ-விலிருந்து ஆ-வுக்குப் போக 50 மில்லி விநாடி ஆகும். அதாவது தாமதித்த அ-வின் செய்தியும் புதிதாகக் கிளம்பிய ஆ-வின் செய்தியும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து தள்ளினால் நியூரான் துடிக்கிறது. கோடு திரும்பி வந்தால்? ஆ முதலில் வந்து போய்விடும். அ-வின் செய்தி 100 மில்லி விநாடி கழித்துத் தனியாக வரும். தனியாகத் தள்ளினால் கதவு திறக்காது.

இதே கணக்கில் வேகமும் அடங்கிவிடுகிறது. விநாடிக்கு 40 டிகிரி வேகத்தில் கோடு ஓடினால் 12.5 மில்லி விநாடியிலேயே ஆ-வைத் தொட்டுவிடும். இரண்டு செய்தியும் சேராது. ஆகவே ஒவ்வொரு செல்லுக்கும் பிடித்த திசை என்று ஒன்று இருப்பதுபோலப் பிடித்த வேகமும் உண்டு.

தாமதித்துச் சேர்க்கும் இந்தக் கணக்கை 1956இல் ஹாசென்ஸ்டைனும் ரைகார்ட்டும் ஒரு வண்டு திரும்புவதைப் பார்த்து வகுத்தார்கள். 1965இல் பார்லோவும் லெவிக்கும் முயலின் விழித்திரையில் கண்டது இதன் மறுபக்கம்: பிடிக்காத திசையில் கோடு வரும்போது ஒரு தடுப்புச் செய்தி முந்திக்கொண்டு வந்து செல்லை அடக்கிவிடுகிறது. பூனையிலும் எலியிலும் வி1க்கு வரும் இழைகளில் சில சட்டென்று பதில் தந்து அடங்குபவை, சில மெதுவாக எழுந்து நீடிப்பவை. அவை அடுத்தடுத்த இடங்களிலிருந்து வந்து ஒரே செல்லில் சேரும்போது தாமதம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு செல் விநாடிக்கு 20 முறை துடிக்கிறது என்றால், பிடித்த திசையில் ஒரு மங்கலான கோடு போயிருக்கலாம். சற்று விலகிய திசையில் ஒரு பளிச்சென்ற கோடும் போயிருக்கலாம். தனியாக ஒரு செல் சொல்வதை வைத்து இன்னதென்று முடிவு செய்ய முடியாது. பக்கத்துச் செல்கள் என்ன சொல்கின்றன என்று ஒப்பிட்டால்தான் திசை தெளியும். பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது சரியில்லை என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: சீலிங் ஃபேனை மொபைலில் வீடியோ எடுத்தால் பின்பக்கமாகச் சுற்றுகிறது. நேரில் பார்த்தால் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. ஏன்?
— வாசகர், திண்டுக்கல்

கணக்குப் போட்டுவிடலாம். முழு வேகத்தில் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைப்போம். விநாடிக்கு 2,100 டிகிரி. மொபைல் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது. ஆகவே ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே இறக்கை 70 டிகிரி போயிருக்கும். மூன்று இறக்கையும் ஒரே மாதிரி, 120 டிகிரிக்கு ஒன்று. எனவே 70 டிகிரி முன்னால் போனதும் 50 டிகிரி பின்னால் வந்ததும் படத்தில் ஒன்றேதான். மேலே சொன்ன அ–ஆ செல்கள் கிட்டத்துப் புள்ளிகளைத்தான் ஒப்பிடுகின்றன. இரண்டில் சின்ன இடப்பெயர்ச்சிக்கே அவை வலுவாகத் துடிக்கும். 50 சின்னது, ஃபேன் பின்னால் ஓடுகிறது.

எல்லைக்கோடு 300 சுற்று. அங்கே நகர்வு சரியாக 60 டிகிரி; எந்தப் பக்கம் என்றே முடிவு செய்ய முடியாமல் படபடக்கும். ரெகுலேட்டரைக் குறைத்து 300க்குக் கீழே கொண்டுவந்தால் வீடியோவிலும் நேராகச் சுற்றும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இருட்டில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால் இறக்கைகள் கலங்கி வட்டமாகிவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு இறக்கையில் மட்டும் சிவப்பு டேப் ஒட்டி மறுபடி எடுத்துப் பாருங்கள். டேப்புக்கு இரட்டை கிடையாது. அதை மட்டும் பின்தொடர்ந்தால் முன்னால் போகும், இறக்கைகளோ பின்னால் போகும்.

நேரிலும் சில சமயம் இப்படித் தெரியும், பழைய சோக் வைத்த டியூப்லைட் இருந்தால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஃபேன் நிமிடத்துக்கு 333 சுற்றில் ஓடினால் ஒரு துடிப்புக்கு 20 டிகிரி. மங்கலான 18 இறக்கைகள் நிற்பதுபோல் தெரியும். எலக்ட்ரானிக் சோக் விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பதால் அதில் இது வராது.

வீட்டில் இது வேடிக்கை, லேத் பட்டறையில் ஆபத்து. வேலைப்பொருளைக் கவ்விச் சுற்றும் மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது அந்த வெளிச்சத்தில் நிற்பதுபோல் தெரியக்கூடும். அதனால்தான் பட்டறைகளில் அடுத்தடுத்த விளக்குகளை வேறு வேறு ஃபேஸில் கொடுப்பார்கள். ஒன்று மங்கும்போது மற்றது பிரகாசிக்கும்.

கேள்வி: "பந்தை மட்டையில் படும்வரை பார்" என்று கோச் சொல்கிறார். 140 கி.மீ. வேகப் பந்தை உண்மையில் அப்படிப் பார்க்க முடியுமா?
— வாசகர், சேப்பாக்கம்

முடியாது. கோச்சிடம் சண்டைக்குப் போக வேண்டாம், தலையை அசைக்காமல் வைத்திருக்க அந்த அறிவுரை உதவுகிறது. ஆனால் கணக்கு இடம் கொடுக்காது.

140 கி.மீ. என்பது விநாடிக்கு சுமார் 39 மீட்டர். கையை விட்ட பந்து மட்டைக்கு வர ஏறக்குறைய அரை விநாடி. கண்ணில் விழுந்த ஒளி வி1இல் துடிப்பாக மாற 50 மில்லி விநாடி அளவில் பிடிக்கிறது. அதற்குள் பந்து 2 மீட்டர் வந்துவிடும். கண் ஒரு பொருளைத் துரத்தத் தொடங்கவே சுமார் 100 மில்லி விநாடி வேண்டும், துரத்தும் வேகமும் அதிகபட்சம் விநாடிக்கு 100 டிகிரி அளவுதான். குத்தியபின் பந்து விநாடிக்கு 30 மீட்டரில் உங்கள் முகத்துக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போகிறது என்றால், அந்தக் கணத்தில் அதன் கோணவேகம் விநாடிக்கு 1,700 டிகிரி.

2000இல் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியடும் மட்டையாளர்களின் தலையில் கேமரா மாட்டி இதைப் பார்த்தார்கள். பந்து கையை விட்டு வரும் கணத்தைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு ஒரே தாவாகத் தாவி அங்கே காத்திருக்கிறது. பந்து குத்தி எழுந்ததும் கொஞ்ச நேரம் தொடர்கிறது, அவ்வளவுதான். திறமைசாலிக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தாவல் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதில் இருந்தது.

நேராக முகத்தை நோக்கி வரும் பந்து பக்கவாட்டில் நகர்வதே இல்லை, பெரிதாகிறது. சுமார் 7.2 செ.மீ. விட்டமுள்ள பந்து 17.7 மீட்டரில் கால் டிகிரிக்கும் சற்றுக் குறைவு, 2 மீட்டரில் 2 டிகிரி. இப்படி எல்லாப் பக்கமும் விரிவதற்கென்றே துடிக்கும் செல்கள் எம்டிக்குப் பக்கத்தில் உள்ள எம்எஸ்டி என்ற பகுதியில் இருக்கின்றன.

கேள்வி: எல்லாம் நன்றாகத் தெரிந்து, அசைவு மட்டும் தெரியாமல் போகும் நோய் உண்டா?
— வாசகி, யாழ்ப்பாணம்

உண்டு, மிக அரிது. 1983இல் ஜெர்மனியில் யோசெஃப் ட்ஸீலும் சக ஆய்வாளர்களும் 43 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூளையின் இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பால் அவருக்கு இரு பக்கமும் எம்டியைச் சுற்றிய பகுதி கெட்டிருந்தது. நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, படிக்க முடிந்தது. கோப்பையில் தேநீர் ஊற்றும்போது மட்டும் திரவம் உறைந்த கம்பிபோல் நின்றது. மட்டம் உயர்வது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. தூரத்தில் நின்ற கார், சாலையைக் கடக்க நினைத்த கணத்தில் திடீரென்று பக்கத்தில் இருந்தது. கார் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, போவது தெரியவில்லை. அருவிப் பாறையில் நடந்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

எம்டியில் பெரும்பாலான செல்கள் திசைக்குத் துடிப்பவை. குரங்கின் வி1இல் அது நான்கில் ஒன்று அளவுதான். ஒரே திசையை விரும்பும் செல்கள் எம்டியில் கொத்தாக இருக்கின்றன. 1990இல் சால்ஸ்மன், பிரிட்டன், நியூசம் மூவரும் குரங்கின் எம்டியில் அப்படி ஒரு கொத்துக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்தார்கள். திரையில் புள்ளிகள் தாறுமாறாக ஓட, அவற்றில் ஒரு பங்கு மட்டும் ஒரே பக்கம் போகும். எந்தப் பக்கம் என்று குரங்கு சொல்ல வேண்டும். மின்னோட்டம் பட்டபோது, அந்தக் கொத்து விரும்பிய திசையையே குரங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று பார்வையில் மாற்றம் வந்ததால் கேட்கிறீர்கள் என்றால், இந்தப் பத்தியை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

கேள்வி: சலூன் வாசலில் சுற்றும் சிவப்பு நீலக் கம்பத்தில் கோடுகள் மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. கம்பம் பக்கவாட்டில்தானே சுற்றுகிறது?
— வாசகர், சிங்கப்பூர்

வி1 செல் ஒவ்வொன்றும் உலகத்தை ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்கிறது. பார்வையின் நடுப்பகுதியில் அந்த ஓட்டை ஒரு டிகிரிக்கும் குறைவு. ஓட்டை வழியாகச் சாய்ந்த கோடு ஒன்று போனால், அது கோட்டுக்குச் செங்குத்தாகப் போவதாகத்தான் தெரியும். கோட்டின் நீளவாக்கில் நடக்கும் நகர்வு எதையும் மாற்றாது, எனவே தெரியாது. கெட்டி அட்டையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை போட்டு, பின்னால் சாய்கோடு போட்ட தாளைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். மேலே இழுத்தும் பாருங்கள். வித்தியாசம் சொல்ல முடியாது.

முடிவைச் சொல்வது கோட்டின் நுனிகள். கம்பம் ஒல்லியாக உயரமாக இருப்பதால் நீண்ட இரு ஓரங்களில் மேலே வழுக்கும் நுனிகள் அதிகம், மேல் கீழ் ஓரங்களில் பக்கவாட்டில் போகும் நுனிகள் குறைவு. பெரும்பான்மை ஜெயிக்கிறது. அதே அட்டையில் 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு சன்னல் வெட்டுங்கள்: கோடுகள் மேலே போகும். அட்டையைத் திருப்பிச் சன்னலைப் படுக்கவைத்து, தாளை முன்போலவே பிடித்து இழுத்தால் பக்கவாட்டில் போகும்.

எம்டி செல்களின் பார்வை ஓட்டை விட்டத்தில் வி1ஐப்போல் சுமார் பத்து மடங்கு. பல ஓட்டைகளின் செய்தியைச் சேர்த்து அவை உண்மைத் திசையைக் கணக்கிடுகின்றன, ஆனால் உடனே இல்லை. 2001இல் பேக்கும் பார்னும் குரங்கில் அளந்தபோது, எம்டி செல்கள் முதலில் கோட்டுக்குச் செங்குத்துத் திசையையே சொல்லின. சில பத்து மில்லி விநாடி கழித்துத்தான் சரியான திசைக்கு மாறின.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மின்முனையும் இல்லை, எலிக்கூடமும் இல்லை. நகரும் கோடுகளுக்கு நியூரான் தரும் பதிலை வைத்து ப்ராஜெக்ட் செய்ய வழி உண்டா?
— எம்.எஸ்சி. மாணவி, கோயம்புத்தூர்

தாராளமாக. சியாட்டிலின் ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் எலியின் பார்வைப் புறணிப் பதிவுகளை 2016 முதல் இலவசமாகத் தருகிறது. ஆலன் எஸ்டிகே (AllenSDK) என்ற பைத்தான் தொகுப்பை நிறுவினால் நேரடியாக இறக்கலாம். அதில் "ஓடும் கோடுகள்" (drifting gratings) பகுதியை எடுங்கள். 8 திசை, 5 அலைவேகம் (விநாடிக்கு 1, 2, 4, 8, 15 சுழற்சி), ஒவ்வொன்றும் 15 முறை. கோடு 2 விநாடி ஓடும், 1 விநாடி வெறும் சாம்பல் திரை. மொத்தம் 600 முறை, அரை மணி நேரப் பதிவு. இவை மின்துடிப்பு அல்ல. செல் துடிக்கும்போது கால்சியம் ஏறுவதால் கூடும் ஒளிர்வு. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் என்பதை மனதில் வையுங்கள்.

ஒரே ஒரு செல்லில் தொடங்குங்கள். ஒவ்வொரு 2 விநாடிக்கும் சராசரி எடுத்து 8க்கு 5 அட்டவணை போடுங்கள். அதிகம் பதில் தந்த அலைவேக நிரலை எடுத்து, பிடித்த திசையின் பதிலிலிருந்து எதிர்த்திசையின் பதிலைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் திசைத்தேர்வு எண் கிடைக்கும். 0 என்றால் திசை பேதமே இல்லை, 1 என்றால் எதிர்த்திசைக்கு முழு மௌனம்.

தவறுகள் இங்கேதான் வரும். பிடித்த திசைக்கு 30, எதிர்த்திசைக்கு 6, சும்மா இருக்கும்போது 2 துடிப்பு என்று ஒரு செல். அடிப்படையைக் கழிக்காமல் போட்டால் 24 வகுத்தல் 36, அதாவது 0.67. கழித்துப் போட்டால் 24 வகுத்தல் 32, 0.75. இரண்டும் செய்யலாம், ஆனால் எதைச் செய்தீர்கள் என்று எழுதாத அறிக்கை குப்பைக்கூடைக்குத்தான். அதைவிட மோசம் சோம்பேறிச் செல்கள். ஒரு திசைக்கு 1 துடிப்பு, எதிர்த்திசைக்கு 0 தந்த செல்லின் எண் 1.0. உலகத்திலேயே சிறந்த திசைச்செல் அதுதான் என்று அட்டவணை சொல்லும், அது வெறும் இரைச்சல். திசைப் பெயர்களைக் கலைத்துப்போட்டு 1,000 முறை இதே எண்ணைக் கணக்கிடுங்கள். உண்மை எண் அந்த ஆயிரத்தில் மேலே உள்ள 5 சதவீதத்துக்குள் வராத செல்லைத் தூக்கிப் போடுங்கள்.

எலி ஓடுகிறதா நிற்கிறதா என்பதும் தரவில் இருக்கிறது, அதைத் தவறாமல் பாருங்கள். எலி ஓடும்போது வி1 பதில்கள் கூடுகின்றன என்று நீலும் ஸ்ட்ரைக்கரும் 2010இல் காட்டினார்கள். ஒரு திசையைக் காட்டிய நேரத்தில் மட்டும் எலி அதிகம் ஓடியிருந்தால் உங்கள் திசைத்தேர்வு எலியின் காலிலிருந்து வந்தது. 8 திசை என்றால் 45 டிகிரிக்கு ஒன்று. குறுகலாகத் தேர்ந்தெடுக்கும் செல் இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போவதும் உண்டு.

நீங்களே திரையில் கோடு ஓடவிட்டு மனிதர்களிடம் சோதிக்க விரும்பினால் சைக்கோபை (PsychoPy) என்ற இலவச மென்பொருள் போதும். கண்ணை 57 செ.மீ. தள்ளி வையுங்கள், அந்தத் தூரத்தில் திரையின் 1 செ.மீ. சரியாக 1 டிகிரி. 24 அங்குல மானிட்டரில் 53 செ.மீ.க்கு 1,920 பிக்சல், அதாவது ஒரு டிகிரிக்கு 36 பிக்சல். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு, விநாடிக்கு 2 சுழற்சி வேண்டுமானால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஃபிரேமுக்கு 1.2 பிக்சல் நகர்த்த வேண்டும். முழுப் பிக்சலாக உருட்டிவிட்டால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், கவனம்.

மானிட்டர் பொய் சொல்லும். நடு எண்ணான 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று நினைப்போம். திருத்தாத திரையில் 22 சதவீதம்தான் வரும். ஆகவே கொடுக்கும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் வெளிச்சம் வரும்படி சரிசெய்யும் காமா திருத்தத்தைச் செய்யாமல் தொடங்கக் கூடாது, இல்லையென்றால் அலை வடிவமே கெட்டுவிடும். தானாக வெளிச்சம் மாறும் வசதி, இரவு நிறம், மின்சேமிப்பு மூன்றையும் அணைத்துவிடுங்கள். திரையின் மூலையில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கறுப்பு வெள்ளையாக மாறும் சிறு சதுரம் வைத்து அதன்மேல் ஒளியை உணரும் ஃபோட்டோடையோடு ஒன்றை ஒட்டினால், கணினி எங்கே ஃபிரேமை விழுங்கியது என்று கையும் களவுமாகப் பிடிக்கலாம். பின்னணியில் வைரஸ் ஸ்கேன் ஓடும் லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: "இந்தப் படம் சுற்றினால் உங்களுக்கு மன அழுத்தம் அதிகம், ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் உருவாக்கியது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. எனக்கு வேகமாகச் சுற்றுகிறது. பயப்படவா?
— வாசகி, மதுரை

வேண்டாம். அந்தப் படத்தை வரைந்தவர் உக்ரைன் ஓவியர் யூரி பெரேபாடியா, 2016இல் கணினியில் வரைந்தார். மருத்துவர் கதை யாரோ பிறகு ஒட்டியது. இந்த வகைப் படங்களில் பெயர்பெற்றவர் ஜப்பானின் அகியோஷி கிட்டவோகா. அவர் மருத்துவர் அல்ல, பார்வையை ஆராயும் உளவியல் பேராசிரியர். கறுப்பு, அடர்நிறம், வெள்ளை, வெளிர்நிறம் என்ற வரிசையில் பட்டைகளை அடுக்குவதுதான் இதில் வித்தை. பளிச்சென்ற வேறுபாட்டுக்குச் செல்கள் சீக்கிரம் பதில் தரும், மங்கலான வேறுபாட்டுக்குத் தாமதித்துத் தரும். அந்தத் தாமதம் அ–ஆ கணக்கில் நுழைந்து அசைவாகிவிடுகிறது. 2005இல் குரங்கின் வி1, எம்டி செல்களில் இதைப் பதிவும் செய்தார்கள். கண் சற்று அலையும்போதும் ஓரப்பார்வையிலும்தான் நன்றாகச் சுற்றும். படத்தின் ஒரு புள்ளியைக் கண் இமைக்காமல் உற்றுப் பாருங்கள், சில விநாடிகளில் நின்றுவிடும்.